கையெழுத்துக்கு முன்னால் பேச ஒரு ஆள்: மருத்துவமனை அறநெறிப் பயிற்சி என்றால் என்ன?

தங்கச்சிமடத்துப் பெரியவர், வயது 68, மூளையில் ரத்தக்கசிவு. அப்போது நான் இந்த ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். நாலாவது நாளும் வெண்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மதுரையில் இருந்த மூளை அறுவை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, திறந்தும் பிரயோஜனம் இல்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார். மகள், "அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்" என்கிறார். பெரியவரின் தம்பி, "மூத்தவன் வராம ஒண்ணும் செய்யக் கூடாது" என்கிறார். மூத்த மகன் எங்கே? எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கிறான், எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் வராந்தாவில் நின்று, "எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று ராத்திரி மூணு மணி இருக்கும். படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கட்டில் ஓரம் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "இவுக அண்ணனை மதுரையில இப்படித்தான் குழாயைப் போட்டு இருபது நாள் வச்சிருந்தாக தாயி. பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னாக, எனக்கு இந்தக் கதி வர விட்டுறாதன்னு." நாலு நாளாக வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. காலையில் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. "இதை எங்க சிஸ்டர் எழுதுறது? கேஸ் ஷீட்டுல எழுதினா பின்னாடி யாராவது பிரச்சினை பண்ணுவாங்க" என்றார். ஏழாவது நாள், சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கையால் மூச்சுக் கொடுக்கிற அம்பு பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸ் போனது. வீட்டு வாசலில் வைத்துத் தொண்டைக் குழாயை உருவியது, கூடப் போன பத்தொன்பது வயது ஹெல்பர் பையன்.

(ஆட்கள் அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன்.)

இந்த மாதிரி நேரத்தில் கூப்பிடுவதற்கென்றே படித்துப் பழகிய ஒரு ஆள் சில நாடுகளில் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறார். அவரை மருத்துவ அறநெறி ஆலோசகர் என்று சொல்லலாம். அந்த வேலைக்கு ஆள் தயாராகிற ஒரு வருஷ, இரண்டு வருஷப் பயிற்சிக்குத்தான் கிளினிக்கல் எதிக்ஸ் ஃபெல்லோஷிப் என்று பெயர். எனக்கு இது தெரியவே ரொம்ப வருஷம் ஆனது. தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதியும் வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் எதிக்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே இது என்று கேட்பார்கள். அது வேறு. அது ஆராய்ச்சிக்கானது: புது மருந்தை மனிதர்கள்மேல் சோதிக்கலாமா, கல்லூரி மாணவர் செய்கிற ஆய்வில் நோயாளிக்குத் தொந்தரவு இருக்குமா, ஒப்புதல் படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளின்படி அவை நடக்கின்றன. கட்டிலில் கிடக்கிற ஒருவருக்கு இன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அந்தக் கமிட்டியிடம் போகாது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதுதான் கிளினிக்கல் எதிக்ஸ்.

என்னென்ன கேள்விகள்? வெண்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டும் இல்லை. கேன்சர் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று மகன் டாக்டரின் கையைப் பிடித்துக் கேட்கிறார், அப்பாவோ நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு எனக்கு என்ன நோய் என்று கேட்கிறார். பதினாறு வயதுப் பெண் குழந்தை கர்ப்பம் என்று வருகிறது, சட்டம் போலீசுக்குச் சொல்லச் சொல்கிறது, குழந்தை சொல்லாதீர்கள் என்று அழுகிறது. ஐ.சி.யூ.வில் ஒரு கட்டில்தான் காலி, வெளியே இரண்டு ஆம்புலன்ஸ் நிற்கின்றன. சர்க்கரையில் அழுகிய காலை எடுத்தால் பிழைப்பார், அவர் எடுக்கக் கூடாது என்கிறார், தெளிவான புத்தியோடுதான் சொல்கிறாரா, காய்ச்சலில் சொல்கிறாரா? இவற்றில் எதற்கும் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லாது. சட்டமும் ஓரளவுக்குத்தான் பதில் சொல்லும்.

இதற்குப் படிப்பு எதற்கு, நல்ல மனசும் அனுபவமும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடலுக்குப் போகிற வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பையனுக்குக் கடல் பழக்கம் எவ்வளவு இருந்தாலும் முதல் நாளே சுக்கானைக் கொடுத்துவிட மாட்டார்கள். சோறாக்கணும், ஐஸ் உடைக்கணும், வலையிலிருந்து மீன் கழிக்கணும், பெரியவர்கள் நீரோட்டம் பார்க்கிறதைப் பக்கத்தில் நின்று பார்க்கணும். அப்புறம்தான் சுக்கான், அதுவும் பக்கத்தில் ஒருத்தர் நிற்க. மனிதர்களின் கடைசி நாட்களைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் மட்டும் நாம் யாருக்கும் பயிற்சி கொடுக்காமல் நேரே சுக்கானைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த டியூட்டி டாக்டருக்கும் கொடுத்தோம், ஹெல்பர் பையனுக்கும் கொடுத்தோம்.

சரி, இந்த வேலை எங்கே எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி செய்கிற ஒரு குழாய் அமைப்பைக் கண்டுபிடித்தார். மிஷின்கள் கொஞ்சம், சிறுநீரகம் கெட்டவர்கள் நிறைய. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டார்கள். அதில் பெரும்பாலோர் மருத்துவர்கள் இல்லை, வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி என்று சாதாரண மனிதர்கள். 1962-ல் பத்திரிகையில் அந்தக் குழுவைப் பற்றி எழுதியபோது நாடே அதிர்ந்தது. நோயாளியின் வருமானத்தையும், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதையும், எத்தனை குழந்தைகள் என்பதையும் பார்த்து உயிருக்கு மதிப்புப் போடுவதா என்று கேட்டார்கள். சும்மா நல்லவர்களாக ஏழு பேரை உட்கார வைத்தால் மட்டும் போதாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது கேரன் ஆன் குவின்லன் வழக்கு. 21 வயதுப் பெண், 1975-ல் நினைவு தப்பி, வெண்டிலேட்டரில் கிடந்தார். பெற்றோர் எடுத்துவிடச் சொன்னார்கள், மருத்துவர்கள் மறுத்தார்கள். 1976-ல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அதோடு, இப்படிப்பட்ட விஷயங்களை மருத்துவமனையின் அறநெறிக் குழு ஒன்றிடம் கொண்டு போகலாம் என்றும் சொன்னது. வெண்டிலேட்டரை எடுத்தபிறகு அந்தப் பெண் தானாக மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்தால் உடனே சாவுதான் என்று நாம் நினைப்பது எல்லா நேரமும் சரியில்லை. அதற்குப் பிறகு குழுக்கள் பெருகின. 1992-லிருந்து அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற ஜாயின்ட் கமிஷன், அறநெறிப் பிரச்சினைகளைக் கையாள ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஏதாவது ஒரு ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்று சொன்னது. ஏற்பாடு வேண்டும் என்றால் ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்றால் பயிற்சி வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்க் சீக்லர் என்ற மருத்துவர் 1984-ல் மெக்லீன் மையத்தைத் தொடங்கினார். இந்தத் துறையின் ஃபெல்லோஷிப்களில் மூத்த ஒன்று அது. மருத்துவர்கள் தங்கள் வேலையை விடாமலேயே அங்கே படிக்கலாம்: கோடையில் சில வாரங்கள் தீவிரமான பாடம், அப்புறம் வருஷம் முழுக்க வாரா வாரம் உட்கார்ந்து நிஜ நோயாளிகளின் கதைகளை அலசுவது, முறை வைத்து மருத்துவமனை அழைப்புகளுக்குப் போவது. இன்னொரு வகை முழுநேரப் பயிற்சி. கிளீவ்லாந்திலும் ஹூஸ்டனிலும் உள்ள பெரிய மருத்துவமனைகள் நடத்துவது போன்றவை, இரண்டு வருஷம், உதவித்தொகை உண்டு. இவற்றுக்கு மருத்துவர்தான் வர வேண்டும் என்றில்லை. தத்துவத்தில் பிஎச்.டி. முடித்தவர், வக்கீல், நர்ஸ், சமூகப் பணியாளர், மருத்துவமனைப் பாதிரியார் என்று பலரும் வருகிறார்கள். மருத்துவம் தெரியாதவருக்கு மருத்துவத்தையும், தத்துவம் தெரியாதவருக்குத் தத்துவத்தையும் அந்த வருஷத்தில் ஊட்டுகிறார்கள்.

அந்தப் பயிற்சியில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ஐ.சி.யூ. ரவுண்ட்ஸில் டாக்டர்களோடு நடக்கணும், வாய் திறக்காமல் கேட்கணும். பாதிப் பிரச்சினைகள் யாரும் பிரச்சினை என்று சொல்வதற்கு முன்பே ரவுண்ட்ஸில் தெரிந்துவிடும், "அந்த ஏழாம் நம்பர் ஃபேமிலி கொஞ்சம் டஃப்" என்று யாரோ முணுமுணுப்பதில். அப்புறம் அழைப்பு வரும். அழைப்பது டாக்டராக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், பல இடங்களில் நோயாளியின் வீட்டுக்காரர்களே அழைக்கலாம். முதலில் சில மாதங்கள் மூத்த ஆலோசகர் பேசுவார், ஃபெல்லோ, அதாவது பயிற்சியில் இருப்பவர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அடுத்த கட்டத்தில் ஃபெல்லோ பேசுவார், மூத்தவர் பக்கத்தில் இருப்பார். கடைசியில் ஃபெல்லோ தனியாகப் போய்விட்டு வந்து சொல்வார், மூத்தவர் கேள்வி கேட்பார்: ஏன் அந்த அம்மாவை முதலில் கேட்கவில்லை? ஏன் நின்றுகொண்டே பேசினாய்? "எல்லாம் செய்யணும்" என்று மகன் சொன்னபோது எல்லாம் என்றால் என்ன என்று கேட்டாயா?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்து வேலை. ஒவ்வொரு ஆலோசனைக்கும் ஃபெல்லோ ஒரு குறிப்பு எழுதி நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே சேர்க்கிறார். யாரிடம் பேசினோம், நோயாளி முன்பு என்ன சொல்லியிருக்கிறார், யார் எதற்குச் சம்மதிக்கவில்லை, அறநெறிப்படி எந்தெந்த வழிகள் சரி, எது சரியில்லை, ஏன். கடைசியில் பரிந்துரை. தீர்ப்பு இல்லை, பரிந்துரை. முடிவு நோயாளியுடையது, குடும்பத்துடையது, மருத்துவருடையது. அந்த மனைவி ராத்திரி மூணு மணிக்குச் சொன்ன வாக்கியத்துக்கு எங்கள் கேஸ் ஷீட்டில் இடமில்லை என்று சொன்னேனே, இங்கே அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது.

அலசுவதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜான்சன், சீக்லர், வின்ஸ்லேட் மூன்று பேரும் 1982-ல் எழுதிய பாடப்புத்தகத்திலிருந்து வந்தது, நாலு கட்டம் என்பார்கள். ஒரு தாளை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் மருத்துவ நிலை, இரண்டாவதில் நோயாளியின் விருப்பம், மூன்றாவதில் சிகிச்சைக்குப் பிறகு அவர் வாழப்போகிற வாழ்க்கை எப்படி இருக்கும், நாலாவதில் சூழ்நிலை: பணம், குடும்பம், சட்டம், மதம், ஊர். தங்கச்சிமடத்துப் பெரியவரை இதில் வைத்துப் பார்ப்போம்.

முதல் கட்டத்தில், மூளையில் ரத்தம் பரவிவிட்டது, அறுவை உதவாது, வெண்டிலேட்டர் நாளைக் கூட்டும், நினைவைத் திருப்பாது என்று மருத்துவர்களுக்கே தெளிவு இருந்தது. ஆனால் அதைக் குடும்பத்திடம் யாரும் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "சீரியஸா இருக்காரு, 48 மணி நேரம் போகணும்" என்றுதான் சொன்னோம். அந்த 48 மணி நேரத்தைத் தம்பி நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார், மகள் கெடு என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் சண்டை போட்டதில் பாதிக்கு நாங்கள்தான் காரணம்.

இரண்டாவது கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. நோயாளி பேச முடியாதபோது வீட்டுக்காரர்களிடம் "நீங்க என்ன செய்யணும்னு சொல்றீங்க" என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வி ஒருவரின் தலையில் மலையை வைக்கிறது. மகள் சரி என்றால் அப்பாவைக் கொன்ற மகள், தம்பி சரி என்றால் அண்ணனைக் கைவிட்ட தம்பி, அப்புறம் கருமாதி வரைக்கும், அதற்கு மேலும் அந்தப் பேச்சு ஓடும். பயிற்சி பெற்றவர் வேறு மாதிரிக் கேட்பார்: "அவுக இப்ப எந்திரிச்சு உட்காந்து, தன்னோட நிலைமையைத் தானே பாத்தா, என்ன சொல்லுவாக?" கேள்வி இவ்வளவுதான். ஆனால் பாரம் உங்கள் தோளிலிருந்து இறங்கி, அவருடைய சொந்த வார்த்தைகளுக்குப் போகிறது. முடிவு செய்வதற்குப் பதில் ஞாபகப்படுத்திச் சொன்னால் போதும். இப்படிக் கேட்டிருந்தால் அந்த மனைவி முதல் நாளே வாய் திறந்திருப்பார். அவர் சொன்னதைக் கேட்டால் தம்பியும் அடங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மதுரையில் குழாயோடு கிடந்தது அவருக்கும் அண்ணன்தானே.

மூன்றாவது கட்டத்தை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த மனுஷர் அதற்கான பதிலைத் தானே சொல்லி வைத்திருந்தார். நாலாவது கட்டத்தில் சிறையில் இருக்கிற மூத்த மகன் வருகிறான். இங்கே பயிற்சி பெற்றவர், மகன் வரும்வரை காத்திருப்பதா வேண்டாமா என்று பார்க்கமாட்டார். மகனுக்கு என்ன சேர வேண்டும் என்று பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, மீன்வளத் துறை வழியாகவும் சங்கங்கள் வழியாகவும் சிறைக்குச் செய்தி போகும், சில நேரம் பேசவும் வழி கிடைக்கும். அதற்காக மூன்று நாள் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, அதுவரை சிகிச்சையைத் தொடர்ந்து, மகனின் குரலை ஒரு தடவை வாங்கிவிட்டு, கெடு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். கெடு வைத்த சிகிச்சை என்பது இந்தத் துறையில் ரொம்பப் பயன்படுகிற ஒரு வழி. காத்திருப்பவருக்கு மரியாதை கிடைக்கும், காத்திருப்பு முடிவே இல்லாமலும் போகாது.

எழுதும்போது எனக்கே கோபமும் வருத்தமும் வருகிறது. இதில் பணம் பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. ஒரு ரூம், நாலு நாற்காலி, ஒரு மணி நேரம், அப்புறம் இதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள்.

நர்ஸ்களுக்கு இது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். சரி எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத இடத்தில் நிற்கிற வேதனைக்கு, 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் நர்ஸ்களை வைத்தே ஒரு பெயர் கொடுத்தார், தமிழில் அறத் துயரம் என்று சொல்லலாம். களைப்பு தூங்கினால் போய்விடும், இது போகாது. வேலையை விட்டுப் போன என் கூட்டாளிகள் பலர் சம்பளத்தைக் காரணமாகச் சொன்னாலும், கூட உட்கார்ந்து டீ குடித்துப் பேசினால் வருவது ஏதாவது ஒரு கட்டிலின் கதைதான். நல்ல ஃபெல்லோஷிப்களில் ஊழியர்களை உட்கார வைத்து இந்தத் துயரத்தைப் பேச வைப்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

இப்படிப் பயிற்சி முடித்தவரின் தகுதியை யார் உறுதி செய்வது என்ற கேள்வி ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்காவில் 1998-ல் உருவான உயிரியல் அறநெறி மற்றும் மனிதப் பண்பியல் சங்கம், ஆலோசகருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு அறிக்கை போட்டது. 2018-லிருந்து சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது. தேர்வு எழுத ஒரு பட்டமும், 400 மணி நேரம் இந்த வேலை செய்த அனுபவமும் வேண்டும். ஃபெல்லோஷிப் முடித்தவர்களுக்கு அந்த 400 மணி நேரம் பெரும்பாலும் பயிற்சியிலேயே சேர்ந்துவிடும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1973-ல் மும்பையில் தாக்கப்பட்டு, 2015 வரை நினைவில்லாமல் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், உயிரைப் பிடித்து வைக்கிற சிகிச்சையை நிறுத்த முதல் தடவையாக வழி திறந்தது. அவரும் நர்ஸ், 42 வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டதும் அதே மருத்துவமனையின் நர்ஸ்கள்தான். 2018 மார்ச் 9-ல் காமன் காஸ் என்ற அமைப்பு போட்ட வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாகிற உரிமையும் வாழ்வுரிமைக்குள் வரும் என்றது. சிகிச்சை பற்றிய தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் அதற்கு வைத்த நடைமுறை மாஜிஸ்திரேட் வரைக்கும் போனதால் யாராலும் பின்பற்ற முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது விருப்பப் பத்திரத்தை நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். வெண்டிலேட்டரை எடுப்பது பற்றி முதலில் மருத்துவமனையின் சொந்தக் குழு பார்க்கும்: சிகிச்சை செய்யும் மருத்துவர், ஐந்து வருஷ அனுபவமாவது உள்ள இரண்டு நிபுணர்கள். அதற்கு மேல் இரண்டாவது குழு, அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பத்திரம் எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு.

அதாவது, அம்பு பையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வீட்டு வாசலில் ஒரு பையன் கையால் குழாயை எடுக்க வேண்டிய கட்டாயம் சட்டப்படி இல்லை. மருத்துவமனையிலேயே, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து கொடுத்து, குடும்பம் சுற்றி நிற்க, மருத்துவர் கையால் எடுக்க வழி இருக்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பலருக்கு, மருத்துவர்கள் உட்பட, இது தெரியாது. இதயம் நின்றால் நெஞ்சை அமுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பற்றியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வழிகாட்டுதலும் படிவமும் கொடுத்திருக்கிறது.

ஆனால் குழு இருக்கிறது என்பதும், குழுவில் இருப்பவர்களுக்குப் பேசத் தெரியும் என்பதும் வேறு வேறு. சியாட்டில் ஏழு பேர் கதையை அதற்காகத்தான் சொன்னேன். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு 2019-லிருந்து அறநெறியும் தொடர்பாடலும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, நல்ல விஷயம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கு ஓடிய ஊர் இது. கல்லூரி இருக்கிற இடத்தில் ஒரு பேராசிரியர், ஒரு மூத்த நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர், மூன்று பேரை ஒரு வருஷம் இதில் பழக்கிவிட்டால் மாவட்டத்துக்கே போதும். வெளியூரிலிருந்து ஆள் வந்தால் போதாது, இங்கேயே பழக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டது பெரும்பாலும் சொந்தங்கள்தான், அங்குள்ள தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையோடுதான் விட்டார்கள். கட்டிப்போடலாமா என்று அந்த நோயாளிகளிடம் கேட்க முடியும் என்று கூட அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது, தன் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று மனநோயாளியே முன்கூட்டி எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை கொடுத்தது. தர்காவை நம்பி வருகிற குடும்பத்திடம் மருந்தையும் பேச வேண்டும், அந்த நம்பிக்கையை அவமதிக்கவும் கூடாது. இதை டெல்லியில் இருந்து வருகிறவர் செய்வதைவிட, கீழக்கரைப் பெண் ஒருத்தி, உம்மாவிடமும் வாப்பாவிடமும் பேசப் பழகிய நாக்கோடு, முறையாகப் பயின்று செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிக்க ஆசை இருக்கிறது, சிகாகோ எல்லாம் போக முடியாது, என்ன செய்வது? முழுநேர ஃபெல்லோஷிப் என்று இல்லாவிட்டாலும் கிட்டத்தில் சில கதவுகள் உண்டு. மங்களூரில் யெனெபோயா பல்கலைக்கழகத்தின் அறநெறி மையம் உயிரியல் அறநெறியில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது. மும்பையிலிருந்து 1993 முதல் வருகிற இந்திய மருத்துவ அறநெறி இதழை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், அதில் நம் நாட்டு வார்டுகளின் நிஜ வழக்குகள் இருக்கும். என் சொந்த அபிப்பிராயம், நர்ஸாகவோ மருத்துவராகவோ இருந்தால் முதலில் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா நடத்துகிற வலி நிவாரணப் பயிற்சிக்குப் போங்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, சும்மா எப்படிப் பக்கத்தில் உட்கார்வது என்று கற்றுக்கொள்ள அதைவிடக் கிட்டத்தில் நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு உங்கள் வார்டில் மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், ஒரே ஒரு நோயாளியின் கதையை எடுத்து நாலு கட்டம் போட்டுப் பேசிப் பாருங்கள். யார் மேல் தப்பு என்று பேசக் கூடாது. டாக்டர், நர்ஸ், ஆயாம்மா, எல்லாரும் இருக்கணும். ஆயாம்மாவுக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாது.

நான் ஐ.சி.யூ.வை விட்டு வந்து, இப்போது மண்டபம், பாம்பன் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிறேன். புண் கட்டுவது, குழாய் மாற்றுவது, வலி மருந்து. பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போகும்போது ஒரு கேள்வி கேட்பேன்: உங்களால பேச முடியாத நிலைமை வந்தா, உங்களுக்காக யார்கிட்டக் கேக்கணும்? போன மாதம் சின்னப்பாலத்தில் ஒரு பாட்டியிடம் கேட்டேன். நாற்பது வருஷம் கடலில் முங்கிப் பாசி எடுத்தவர், பாறையில் விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிச் சுற்றிப் பழகியதில் இப்போதும் சும்மா இருக்கும்போது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். மகன் பக்கத்தில்தான் நின்றார். பாட்டி அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "இவன்கிட்டக் கேக்காத தாயி, இவன் அழுதுருவான். சின்ன மருமககிட்டக் கேளு. அவளுக்குத்தான் என்னைத் தெரியும்." தேதி போட்டு எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். மருமகள் பேரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.